அறப்போர் வீரர் தம்பி நாயுடு

செஞ்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன போர்களே. மூன்று மலைகளைப் பிணைத்து நிற்கும் அக்கோட்டையின் மதில்கள் நாயக்கரையும் மராட்டியரையும் மொகலாயரையும் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் கண்டன. 1690-ஆம் ஆண்டில் மொகலாயர் தொடங்கிய முற்றுகை 1698 வரையில் நீடித்தது. வாளும் பீரங்கியுமே வெற்றி தரும் என்று மக்கள் நம்பியிருந்த காலத்தின் சின்னமாக அக்கோட்டை இன்றும் நிற்கிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூர் என்னும் சிற்றூரோ வேறொரு நெறியின் சின்னமாக விளங்குகிறது. தமிழ்ச் சமணரின் தலைமை மடமும் பார்சுவநாதர் கோயிலும் அவ்வூரில் உள்ளன. எவ்வுயிர்க்கும் தீங்கு நினையாமையும் செய்யாமையுமே தலையாய அறம் என்னும் கொள்கை அங்கே வழிவழியாகப் போற்றப்பட்டு வருகிறது.

கொல்லாமை என்னும் இந்நோன்பு தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் நிற்கும்வரையில் அரசுகளை அசைப்பதில்லை. அதனையே உரிமைப் போருக்குரிய படைக்கலமாக மாற்றிக் காட்டிய களம் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியாகும். மாற்றிக் காட்டியவர் காந்தியடிகள். அவர் அந்நாட்டில் வாழ்ந்தபோது, சமயத்தைப் பற்றித் தமக்கு எழுந்த ஐயங்களை 1894-ஆம் ஆண்டில் ராயசந்திரர் என்னும் குசராத்துச் சமண அறிஞருக்கு எழுதித் தெளிவு பெற்றார். ஆயினும், தலைவர் ஒருவர் வழி கண்டுவிட்டால் மட்டும் போதுமா? அவ்வழியில் அஞ்சாது நடப்பவர் வேண்டுமன்றோ? தென்னாப்பிரிக்க அறப்போரில் மிகுதியாகச் சிறை புகுந்தவர் தமிழரே. அத்தமிழருக்கு முன்னணியில் நின்று வழி நடத்தியவர் தம்பி நாயுடு.

கடல் கடந்த காரணம்

தம்பி நாயுடுவின் வாழ்க்கையை அறிய வேண்டுமாயின், தமிழர் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குச் சென்ற காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். பல நூற்றாண்டுகளாக ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்கும் கொடிய வாணிகம் நடைபெற்று வந்தது. 1834-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலப் பேரரசில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அறம் வென்றது என்று நல்லோர் மகிழ்ந்தனர். ஆனால், கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டனர். அத்தேவையை நிறைவு செய்வதற்கு ஒப்பந்தக் கூலி முறை தோன்றியது. இந்திய நாட்டு ஏழை உழவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்திக் கப்பலில் ஏற்றி அனுப்பினர். மொரீசியசுத் தீவு இம்முறைக்கு முதலிடமாயிற்று. பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநிலமும் இதனை மேற்கொண்டது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டிரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலில் இறங்கிய முதல் ஒப்பந்தத் தொழிலாளர் அக்கப்பலில் வந்தவரே. அன்று முதல் 1911 வரையில் ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர். வானம் பொய்த்த வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, ஆள் திரட்டும் தரகரின் சொல்லை நம்பிப் புறப்பட்டவர் பலர். செஞ்சியும் அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. அடிமைச் சங்கிலி அறுபட்ட இடத்தில் ஒப்பந்தக் கயிறு கட்டப்பட்டது என்பதை அவர்கள் கடல் கடந்த பின்னரே உணர்ந்தனர்.

இளமையும் இயல்பும்

தம்பி நாயுடு 1875-ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து அங்கே குடியேறியவர். 1889-ஆம் ஆண்டில், இளமைப் பருவத்திலேயே, தம்பி நாயுடு தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். அந்நாட்டில் வைரமும் பொன்னும் கண்டெடுக்கப்பட்டு, பொருள் தேடுவோர் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்த காலம் அது. பொற்சுரங்கங்களால் வளர்ந்த ஜோகானஸ்பர்க் நகரில் அவர் வணிகராக வாழ்ந்தார்.

பள்ளியில் முறையாகக் கற்கும் வாய்ப்பு அவருக்குப் பெரிதும் கிட்டவில்லை. பட்டறிவே அவருக்கு ஆசானாயிற்று. தமிழ் அவருடைய தாய்நாட்டு மொழி. ஆங்கிலத்தைத் தாமே முயன்று கற்று, நன்கு பேசவும் எழுதவும் வல்லவரானார். இந்துஸ்தானி பேசினார், தெலுங்கும் ஓரளவு அறிந்திருந்தார், மொரீசியசு மக்கள் வழங்கும் கிரியோல் மொழியும், ஆப்பிரிக்க மக்களின் மொழியும் அவருக்குத் தெரியும். பல மொழியினரும் பல சமயத்தினரும் கலந்து வாழ்ந்த அந்நகரில், எல்லோரிடமும் பேசத் தெரிந்த ஒருவரே எல்லோரையும் இணைக்கும் பாலமாக இருத்தல் இயலும். பிற்காலத்தில் தம்பி நாயுடு அத்தகைய பாலமாக விளங்கினார்.

வேலையில் உயர்வு தாழ்வு பாராட்டாமை அவருடைய சிறந்த பண்பு. கூட்டத்திற்குத் தலைமை தாங்குவார். அக்கூட்டத்திற்கு வந்தவர்க்குச் சமையலும் செய்வார். நடுத்தெருவில் மூட்டையைத் தலையில் சுமந்து செல்லவும் அவர் நாணியதில்லை. இரவென்றும் பகலென்றும் பாராது உழைத்தார். ஆனால் அவரிடம் ஒரு குறையும் இருந்தது. அவர் விரைந்து சினம் கொள்பவர். அச்சினம் இல்லாதிருந்தால், டிரான்ஸ்வால் இந்தியர் அனைவருக்கும் அவரே தலைவராகியிருத்தல் கூடும் எனக் காந்தியடிகள் கருதினார். சினம் மிக்க ஒருவர் தீங்கு செய்யாமையை நோன்பாகக் கொண்டு போராடினார் என்பதே அவருடைய வாழ்க்கையின் அருமைப்பாடு. அடக்குவதற்கு ஒன்றும் இல்லாதவன் அடக்கமாக இருத்தல் வியப்பன்று. கனலும் நெஞ்சினன் கையை உயர்த்தாதிருத்தலே வியப்பாகும்.

விரற்பதிவுச் சட்டம்

1906-ஆம் ஆண்டில் டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. ஆசிய மக்கள் ஒவ்வொருவரும் அரசாங்க அலுவலகத்தில் தம் பெயரைப் பதிந்து, கைவிரல்களின் பதிவை அளித்து, ஒரு சான்றிதழ் பெறுதல் வேண்டும். காவலர் கேட்டபோதெல்லாம் அதனைக் காட்டுதல் வேண்டும். குற்றவாளிகளிடம் பெறும் விரற்பதிவைக் குற்றமற்ற மக்களிடம் பெறுவதா என்று இந்தியர் கொதித்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் ஜோகானஸ்பர்க் நகரின் எம்பயர் நாடக அரங்கில் கூடிய மக்கள், இச்சட்டத்திற்குப் பணிவதில்லை எனக் கடவுளைச் சான்றாக வைத்து உறுதி பூண்டனர். இந்துக்களும் முகம்மதியரும் கிறித்தவரும் தத்தம் கடவுளை நினைந்து ஒரே உறுதிமொழியை ஏற்றனர்.

1907-ஆம் ஆண்டில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அவ்வலுவலகங்களுக்கு முன்னே தொண்டர் மறியல் செய்தனர். ஜோகானஸ்பர்க் மறியலுக்குத் தலைவராக இருந்தவர் தம்பி நாயுடு. பதியச் செல்பவரை இழித்துரைத்தலும் கூடாது, அச்சுறுத்தலும் கூடாது, பணிவாக எடுத்துக்கூற மட்டுமே வேண்டும் என்பது தொண்டருக்கு விதிக்கப்பட்ட கட்டளை. டிரான்ஸ்வாலில் அந்நாளில் ஏறத்தாழ 13,000 இந்தியர் இருந்தனர். அவருள் 500 பேரளவே பதிந்துகொண்டனர். மறியலின் வெற்றியை இதனால் அறியலாம்.

அரசாங்கம் தலைவர்களைச் சிறைப்படுத்தியது. 1908 ஜனவரியில் காந்தியடிகளும் தம்பி நாயுடுவும் சீனத் தலைவர் லியூங் குயின் என்பவரும் சிறை புகுந்தனர். அரசாங்கம் உடன்பாட்டிற்கு இசைந்தபோது, சிறையிலிருந்து அனுப்பப்பட்ட மடலில் கையெழுத்திட்டவர் இம்மூவருமே. மக்கள் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று இந்தியர் நம்பினர்.

அவ்வுடன்பாட்டை விரும்பாதவர் சிலர் இருந்தனர். பிப்ரவரி 10-ஆம் நாள் பதிவு அலுவலகத்திற்கு நடந்து சென்ற காந்தியடிகளை அவர்கள் தடிகொண்டு தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடு இடையில் புகுந்து அடிகளைத் தாமும் ஏற்றார். தம்மைத் தாக்கியவர்மீது வழக்குத் தொடுத்தல் வேண்டா என்று காந்தியடிகள் கூறிவிட்டார். தாக்கப்பட்ட இருவரும் தம் இரத்தத்திற்கு ஈடாக எவருடைய இரத்தத்தையும் கேட்கவில்லை.

அரசாங்கம் சட்டத்தை நீக்கவில்லை. ஆதலின் அறப்போர் மீண்டும் தொடங்கிற்று. 1908 ஆகஸ்டு 16-ஆம் நாள், ஜோகானஸ்பர்க்கில் உள்ள ஹமீதியா பள்ளிவாசலின் திறந்த வெளியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. கோயிலுக்குச் செல்வோரும் தேவாலயத்திற்குச் செல்வோரும் பள்ளிவாசலில் ஒன்றுகூடி நின்றனர். அயல்நாட்டில் அடைந்த இழிவு, தாய்நாட்டில் இல்லாத ஒற்றுமையை அவர்களிடையே தோற்றுவித்தது.

அதன்பின் தம்பி நாயுடு சிறைக்குச் செல்வதும் மீள்வதுமாக இருந்தார். அவர் 14 முறை சிறை சென்றார் என்பர். வணிகம் குலைந்தது, வருவாய் நின்றது. 1910-ஆம் ஆண்டில், போராளிகளின் குடும்பங்களைக் காப்பதற்காகக் காலன்பாக் என்னும் ஜெர்மானிய நண்பர் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வழங்கினார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் தம்பி நாயுடுவின் குடும்பமும் எளிய வாழ்வு வாழ்ந்தது.

மூன்று பவுன் வரி

1913-ஆம் ஆண்டில் இந்தியரின் முன் இரு கொடுமைகள் நின்றன. ஒன்று சமயத்தைப் பற்றியது. மற்றொன்று வயிற்றைப் பற்றியது.

அவ்வாண்டு மார்ச்சு 14-ஆம் நாள், கேப் மாநில நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறித்தவ முறைப்படி நடவாத, அரசாங்கத்தில் பதியப்படாத திருமணங்கள் சட்டப்படி செல்லா என்பது அத்தீர்ப்பின் பொருள். தாலி கட்டி மணந்த பெண்கள் மனைவியர் அல்லர் என்றாயிற்று. அவர்கள் பெற்ற மக்கள் வாரிசுகள் அல்லர் என்றாயிற்று. இந்துக்களையும் முகம்மதியரையும் பார்சிகளையும் அத்தீர்ப்பு ஒருங்கே இழிவு செய்தது. வீட்டினுள் இருந்த பெண்மணிகளைப் போர்க்களத்திற்கு அழைத்தது அத்தீர்ப்பே.

மற்றொன்று தலைவரி. நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி தாயகம் திரும்புதல் வேண்டும். அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர்தல் வேண்டும். இரண்டையும் விரும்பானாயின் ஆண்டுக்கு 3 பவுன் வரி செலுத்துதல் வேண்டும். 1895-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு விதித்தது. மனைவிக்கும், 16 வயது நிரம்பிய மகனுக்கும், 13 வயது நிரம்பிய மகளுக்கும் தனித்தனியே அவ்வரி உண்டு. நால்வர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுன் செலுத்துதல் வேண்டும். தொழிலாளியின் கூலியோ மாதத்திற்கு 10 முதல் 14 ஷில்லிங்கு. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங்கு என்பதைக் கருதினால், ஆண்டு முழுவதும் உண்ணாமல் உழைத்தாலும் அவ்வரியைக் கட்ட இயலாது என்பது புலனாகும். மீண்டும் ஒப்பந்தத்தில் சிக்கச் செய்வதே அவ்வரியின் உண்மையான நோக்கம்.

இவ்விடத்தில் ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்பி நாயுடு ஒப்பந்தத் தொழிலாளி அல்லர். அவர் டிரான்ஸ்வாலில் வாழ்ந்த வணிகர். நேட்டாலின் 3 பவுன் வரி அவரைத் தீண்டவில்லை. அவர் மக்களையும் தீண்டவில்லை. இது நம் வழக்கன்று என்று அவர் ஒதுங்கியிருந்தால் எவரும் பழித்திருக்கமாட்டார். ஆனால் அவர் ஒதுங்கவில்லை. தமக்கு இழிவு நேர்ந்தபோது போராடுபவர் தன்மானம் உடையவர். பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்டு போராடுபவரே சான்றோர்.

நியூகாசில் பயணம்

1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த பதினொரு பெண்மணிகள் தம்பி நாயுடுவின் துணையோடு நேட்டாலின் எல்லையைக் கடந்தனர். ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவியாராகிய வீரம்மாளும் அவர்களுள் ஒருவர். அறுவரின் கைகளில் பால்குடிக் குழந்தைகள் இருந்தன. அவர்கள் நியூகாசில் நகரை அடைந்து, லாசரசு என்னும் தமிழ்க் கிறித்தவர் வீட்டில் தங்கினர். அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளாக நேரும் என்பதை அறிந்தும் அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்.

நியூகாசிலைச் சூழ்ந்து நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கே உழைத்தவருள் தமிழர் பலர். தம்பி நாயுடுவும் பெண்மணிகளும் சுரங்கக் குடியிருப்புகளுக்குச் சென்று, 3 பவுன் வரி நீங்கும்வரையில் வேலைக்குச் செல்லற்க என்று தமிழில் எடுத்துரைத்தனர். கைக்குழந்தையோடு வந்து நின்ற தாயரின் சொல் தொழிலாளரின் நெஞ்சைத் தொட்டது. அக்டோபர் நடுவில் வேலை நிறுத்தம் தொடங்கியது. காட்டுத் தீப்போல் அது சுரங்கந்தோறும் பரவியது. பெண்மணிகள் சிறைப்பட்டு, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். பின்னர்ச் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறையில் கொண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள்.

நவம்பர் 6-ஆம் நாள் காந்தியடிகளின் தலைமையில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறுவரும் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தனர். அரசாங்கம் அவர்களைத் தடுத்து, இருப்புப்பாதை வண்டிகளில் ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பியனுப்பியது. சுரங்கங்களையே சிறைகளாக்கிச் சவுக்கடியால் வேலை வாங்க முயன்றது. வேலை நிறுத்தமோ கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்தனர். தோட்டங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் கண்டனக் குரல் எழுந்தது. இறுதியில் அரசாங்கம் இறங்கி வந்தது. 1914-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியர் குறைநீக்கச் சட்டம் 3 பவுன் வரியை ஒழித்தது. இந்தியச் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்களையும் ஏற்றது.

நான்கு மைந்தர்

1914 ஜூலையில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். ஜோகானஸ்பர்க் நகரில் நடந்த விடையளிப்பு விழாவில் பலரும் அவருக்குப் பல பரிசுகளை அளித்தனர். தம்பி நாயுடு அளித்த பரிசு எவரும் எதிர்பாராதது. நாட்டுத் தொண்டிற்கெனத் தம் மைந்தர் நால்வரையும் அவர் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார். தாம் கண்ணால் கண்டறியாத தாய்நாட்டிற்குத் தம் மக்களை அனுப்பி வைத்தார். அம்மைந்தர் இந்தியாவுக்கு வந்து, இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்திலும் காந்தியடிகளின் ஆசிரமத்திலும் வளர்ந்தனர்.

தம்பி நாயுடு ஜோகானஸ்பர்க்கிலேயே தங்கித் தமிழர் நலச் சங்கத்தின் வாயிலாகத் தம் மக்களுக்குத் தொண்டாற்றி வந்தார். 1933-ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார். அவருடைய வாழ்வு முடிந்தது. அவர் ஏற்ற விளக்கு அணையவில்லை.

எஞ்சி நின்ற கடமை

அறப்போரின் வெற்றியைப் போற்றும் நாம் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். அவ்வெற்றி இந்தியருக்குக் கிடைத்த வெற்றியாகவே நின்றது. அந்நாட்டின் சொந்த மக்களாகிய ஆப்பிரிக்கரின் துன்பம் தீரவில்லை. 1906-ஆம் ஆண்டில், இந்தியர் விரற்பதிவுச் சட்டத்தை எதிர்த்து உறுதி பூண்ட அதே ஆண்டில், நேட்டாலின் சூலு மக்கள் தலைவரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவருள் மூவாயிரம் பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டனர். 1913-ஆம் ஆண்டில், இந்தியத் தொழிலாளர் 3 பவுன் வரியை எதிர்த்து நடந்த அதே ஆண்டில், நிலச்சட்டம் ஒன்று ஆப்பிரிக்க மக்களுக்கு நாட்டு நிலத்தில் நூற்றில் 7 பங்கை மட்டுமே ஒதுக்கியது. இரு மக்களையும் வருத்திய கை ஒன்றே. ஆயினும் அவர்கள் தனித்தனியே போராடினர்.

அடுத்த தலைமுறை இக்குறையை நீக்கியது. 1946-ஆம் ஆண்டில் இந்தியரின் நில உரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்து மீண்டும் அறப்போர் எழுந்தது. தம்பி நாயுடுவின் மகன் நாராயணசாமியும் மகள் தையல்நாயகியும் அதில் சிறை சென்றனர். 1947-ஆம் ஆண்டு மார்ச்சில், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர் சூமா, நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவர் நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் தலைவர் தாது ஆகிய மூவரும் இணைந்து போராட உடன்படிக்கை செய்தனர். 1952-ஆம் ஆண்டில் நடந்த சட்டமறுப்பில் இரு மக்களும் தோளோடு தோள் நின்றனர். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர்.

நிறவெறி அரசோ நாளுக்கு நாள் கொடிதாயிற்று. 1960-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள், கடவுச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஷார்ப்வில் என்னுமிடத்தில் கூடிய ஆப்பிரிக்கர்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். காவலர் கேட்டபோதெல்லாம் சீட்டைக் காட்டுதல் வேண்டும் என்பதே அன்றும் சிக்கல். 1906-இல் ஆசியருக்கென விதித்த விலங்கு, ஆப்பிரிக்கரின் கைகளில் நெடுங்காலமாகப் பூட்டப்பட்டே இருந்தது. மக்கள் இயக்கங்கள் தடை செய்யப்பட்டன. அமைதி வழிகள் யாவும் அடைபட்டன என்று கருதியோர் சிலர் படைக்கலம் ஏந்தத் துணிந்தனர். தம்பி நாயுடுவின் பேரர் இந்திரேசும் அவருள் ஒருவர். அவர் 1963-ஆம் ஆண்டில் பிடிபட்டு, நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த ராபன் தீவிலேயே பத்தாண்டுக் காலம் சிறை இருந்தார். பேத்தி சாந்தி 1969-ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, ஓராண்டுக்கு மேல் தனியறையில் அடைக்கப்பட்டார். மண்டேலாவின் மனைவியாருக்கு எதிராகச் சான்று கூறினால் அவருக்கு விடுதலை எளிதாகியிருக்கும். அவர் அதற்கு இசையவில்லை.

பாட்டனார் ஏந்தாத படைக்கலத்தைப் பேரர் ஏந்தியது, அறவழியை மூடும் அரசு எத்தகைய விளைவை வரவழைக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் இறுதித் தீர்வு வந்தது படைக்கலத்தால் அன்று. பேச்சாலும் வாக்காலுமே வந்தது. 1990-ஆம் ஆண்டில் மண்டேலா விடுதலை பெற்றார். 1994 ஏப்ரலில் எல்லா நிறத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்தது. பழைய கொடுமைகளை வெளிப்படுத்தி ஒப்புரவு காண அமைந்த உண்மை நல்லிணக்க ஆணையத்திற்குத் தலைமை தாங்கியவர் ஒரு சமயத் தலைவர். பேராயர் டெஸ்மண்டு டூட்டு என்பது அவர் பெயர். பழிவாங்குதலை விடுத்து மன்னித்தலை நாடிய அம்முயற்சியில், தம்மை அடித்தவர்மீது வழக்குத் தொடுக்க மறுத்தவரின் நெறி மீண்டும் ஒளிர்ந்தது.

இன்றைய ஆப்பிரிக்கா

முடிந்துபோன செய்தி என்று நாம் கருதும் வரலாறு, உண்மையில் முடிவதில்லை. 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டம் நீங்கிவிட்டது. ஆயினும் அச்சட்டம் வகுத்த நிலப் பங்கீட்டை எவ்வாறு திருத்துவது என்பது தென்னாப்பிரிக்க அரசியலின் பெருவினாவாக இன்றும் உள்ளது. அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் போற்றிக் காக்கப்பட வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழையும் குறிப்பிடுகிறது. கப்பலில் சென்ற உழவரின் மொழி, ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம் பெற்றிருக்கிறது. டர்பன் நகரையடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில், கிறித்தவரின் பெரிய வெள்ளியையொட்டித் திருவிழா நடைபெறுகிறது. தொழிலாளருக்கு ஓய்வு கிடைத்த நாட்கள் அவையே என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஒப்பந்தக் காலத்தின் அடையாளம் வழிபாட்டு நாளிலும் பதிந்து நிற்கிறது.

துன்பங்களும் தொடர்கின்றன. பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைப்பையும் புகலிடத்தையும் தேடி வந்த ஏழை மக்கள்மீது, 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் தென்னாப்பிரிக்க நகரங்களில் தாக்குதல் நடந்தது. 62 பேர் மாண்டனர். வேற்றூரார் என்று ஒதுக்கப்பட்டுத் துன்புற்ற மக்களின் மண்ணிலேயே வேறு சிலர் வேற்றூராராக ஒதுக்கப்பட்டனர். உரிமை பெற்றுவிட்ட மக்கள், உரிமை பெறாதவரை மறந்துவிடும் தீங்கு எந்நாட்டிலும் நேரக்கூடியதே.

தம்பி நாயுடுவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இங்கேதான் உள்ளது. அவர் செல்வத்தைச் சேர்த்து வைக்கவில்லை; பட்டங்கள் பெறவில்லை; பெரிய நூல்கள் எழுதவில்லை. தம்மைத் தீண்டாத ஒரு வரிக்காகத் தம் இல்லத்தாரையும் சிறைக்கு அனுப்பத் துணிந்தார். இயல்பிலேயே சினம் மிக்கவராக இருந்தும், தம் சினத்தை வென்று, பகைவர்க்கும் தீங்கு செய்யாது போராடினார். கல்மதில்கள் ஒருநாள் இடிந்து போகும். பிறர் துயரைத் தம் துயராகக் கருதி அறவழியில் நின்றவரின் புகழ் இடிந்து போவதில்லை. நம் தெருவிலும் நம் ஊரிலும் பிழைப்புத் தேடி வந்து வாழும் பிறமொழியாளரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக. அவ்வினாவுக்கு நேர்மையாக விடை காண்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.